லாரி டிரிப் மென்பொருள்: பணம் கட்டுமுன் ஓட்டிப் பாருங்கள்

மளிகை மொத்த வியாபாரத்தோடு 3 மினி லாரிகளை வாடகைக்கும் ஓட்டி வருகிறேன். டிரிப் நோட்டுக்குப் பதிலாகச் சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் வாங்கினோம். விற்க வந்தவர் செய்து காட்டியது ஒரு வண்டி, ஒரு சரக்கு, ஒரே ஊர். நம் வண்டியிலோ 30 கடைச் சரக்கு!

தீபாவளி வாரத்தில் ஒரு வண்டி பழுதாகி வழியில் நின்றது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், இ-வே பில்லின் 'பி' பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும் அல்லவா? மென்பொருளோ டிரிப்பையே ரத்து செய்யச் சொன்னது. கடைக்காரர்கள் போன் மேல் போன். கடைசியில் பழைய நோட்டைத்தான் எடுத்தோம். ஓராண்டுக் கட்டணம் ரூ.36,000 திரும்பவில்லை. அவசரப்பட்டது என் தவறுதான்.

வாங்க நினைப்பவர்கள், நெருக்கடியான ஒரு நாளின் டிரிப் நோட்டைக் கொடுத்து, நம் குமாஸ்தாவையே பதியச் சொல்லுங்கள். விற்பவர் கை படக் கூடாது. நடுவழியில் வண்டியை மாற்றிப் பாருங்கள். ஒரு கடை பாதிச் சரக்கைத் திருப்பியதாகவும் பதிந்து பாருங்கள். கட்டணத்தை மாதக் கணக்கில் பேசுங்கள். நாம் விலகினால் நம் கடைக்காரர்களின் கணக்கு எக்செல் தாளில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.