கையடக்க வீடியோ கேமும் மறைக்கப்பட்ட பெயர்களும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருப்பது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அது கடைத்தெருவிலும் இருக்கிறது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவும் ஏற்காட்டுக் கோடை விழாவும் நடைபெறும்போது, வளையல் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி விற்பனைக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, மூன்று அங்குலத் திரை, சில பொத்தான்கள், பழைய செல்பேசியில் இருந்த வகைப் பேட்டரி. அட்டையில் '400 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். விலை சில நூறு ரூபாய்.

காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளரும் சிறுவர் பலருக்கு இதுவே முதல் கணிப்பொறி. அத்தகைய குடியிருப்பிலிருந்து வந்து, என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகவே இப்பெட்டியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பெட்டிக்குள் இருப்பது யாது?

இதன் வெளித்தோற்றம், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை ஒத்தது. உள்ளே இருப்பதோ அதனினும் பழையது. 1983இல் அதே நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற பெயரில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பொறி ஒன்றை வெளியிட்டது. அதில் பல சில்லுகள் செய்த வேலையை இன்று ஒரே சில்லு செய்கிறது. பெட்டியைத் திறந்தால், கறுப்புப் பசைத்துளி ஒன்றின் அடியில் அச்சில்லு மறைந்திருக்கும்.

இதில் உள்ள ஆட்டங்களில் சிறுவர் மிகவும் விரும்புவது, மேடைக்கு மேடை தாவி ஓடும் வகை. அவற்றுள் தலையாயது 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. அதன் நிரல் 32 கிலோபைட், படங்கள் 8 கிலோபைட். ஆக மொத்தம் 40 கிலோபைட். இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட இது போதாது. இத்தனை சிறிய இடத்தில் எட்டு உலகங்கள் எவ்வாறு அடங்கின?

சிக்கனமே விடை. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படமே. நிறம் மட்டும் வேறு. திரை முழுவதும் சிறு சிறு கட்டப்படங்களை மீண்டும் மீண்டும் அடுக்கி ஆக்கப்பட்டது. ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் அப்பொறியால் வரைய இயலாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்குவதற்குக் காரணம் இதுவே.

தாவலில் உள்ள இயற்பியல்

மாரியோ தாவுவதில் நாம் முதலாண்டில் படித்த பாடம் இருக்கிறது. தாவிய கணத்தில் மேல்நோக்கி ஒரு திசைவேகம் தரப்படுகிறது. நொடிக்கு 60 முறை, அத்திசைவேகத்தில் ஈர்ப்பின் பங்கு கழிக்கப்பட்டு, புதிய இடம் கணக்கிடப்படுகிறது. மேல்நோக்கி எறிந்த கல்லின் கணக்கே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மேலெழும்போது பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால் ஈர்ப்பு குறைவாகவும், விட்டுவிட்டால் மிகுதியாகவும் கொள்ளப்படுகிறது. இயற்கையில் இல்லாத விதி இது. எனினும் அழுத்தும் அளவுக்கு ஏற்பத் தாவும் இன்பம் இதனால்தான் கிடைக்கிறது. இதை யாரோ ஒருவர் அமர்ந்து சிந்தித்து அமைத்திருக்கிறார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பூட்டும் கள்ளச்சாவியும்

ஜப்பானிய ஃபேமிகாமில் உரிமம் பெறாத ஆட்டங்களைத் தடுக்கும் பூட்டு இல்லை. 1985இல் அப்பொறி அமெரிக்கா சென்றபோதுதான் பூட்டுச் சில்லு சேர்க்கப்பட்டது. கேம் பாய் வேறொரு வழியைக் கையாண்டது. ஒவ்வோர் ஆட்டப் பேழையிலும் நிண்டெண்டோவின் பெயர்ச்சின்னம் 48 பைட் அளவில் குறித்த இடத்தில் இருக்க வேண்டும். கருவி அதைத் தன்னிடமுள்ள சின்னத்தோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஆட்டம் தொடங்காது. உரிமம் இல்லாதவர் அச்சின்னத்தை இட்டால், பிறர் வணிகச் சின்னத்தைத் திரையில் காட்டிய குற்றத்தில் அகப்படுவர் என்பது எண்ணம்.

ஆனால் கருவி அச்சின்னத்தை இரண்டு முறை படித்தது. முதல்முறை திரையில் வரைய. இரண்டாம் முறை ஒப்பிட. தைவானின் சாச்சென் போன்ற நிறுவனங்கள் இதைக் கண்டுகொண்டன. முதல்முறை தம் சின்னத்தையும், இரண்டாம் முறை உரிய சின்னத்தையும் தருமாறு பேழையை அமைத்தன. அறிவு கூர்மையானதுதான், அது சென்ற வழியைப் பற்றியே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. ஆகவே 1983ஆம் ஆண்டுப் பொறியின் அமைப்பை இன்று ஒரு சில்லில் ஆக்குவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆட்டத்தின் நிரல் அவ்வாறன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்த திருத்தத்தால், கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவ்வுரிமை நீடிக்கும். ஆயினும் நிரல் இயங்குவதை உற்றுநோக்கி, அதன் அடிப்படைக் கருத்தை அறிந்துகொள்வதை அதே சட்டம் அனுமதிக்கிறது. சுருங்கச் சொன்னால், கருத்தைக் கற்கலாம், எழுத்தைக் களவாடலாகாது.

யாருக்கு இழப்பு?

திருட்டுப் பதிப்பால் அந்நிய நிறுவனத்துக்குத்தானே இழப்பு, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு ஏற்படும் இழப்பே பெரிது என்பது என் கருத்து. இப்பதிப்புகளில் முகப்புத் திரையிலிருந்த ஆண்டும் உரிமையாளர் பெயரும் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. ஒரே ஆட்டத்துக்கு உருவத்தையும் தலைப்பையும் மாற்றிப் பட்டியலில் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இதை ஆடும் சிறுவனுக்கு ஆட்டம் கடையிலிருந்து வருகிறது என்று மட்டுமே தெரியும். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் திட்டமிட்டார்கள், கோஜி கோண்டோ இசை அமைத்தார் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. மனிதர் எழுதியது என்று அறியாதவன், தானும் எழுதலாம் என்று எவ்வாறு எண்ணுவான்?

காப்பிப் பொட்டலத்தில் வணிகரின் பெயர் இருக்கும். பழம் பறித்தவர் பெயர் இராது. பறித்தவர் வீட்டில் பிறந்த எனக்கு, பெயர் மறைவது சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

முடிவுரை

அச்சிறுவர் கையிலிருந்து பெட்டியைப் பறிப்பதால் பயனில்லை. அதன் உள்ளே இருப்பதைச் சொல்லிக் கொடுப்பதே நம் கடமை. 2019இல் மோர்ஃப்கேட் கேம்ஸ் என்ற சிறு குழு 'மைக்ரோ மேஜஸ்' என்னும் புதிய ஆட்டத்தை அந்தப் பழைய பொறிக்காகவே, அதே 40 கிலோபைட்டில், தன் பெயரிலேயே எழுதி வெளியிட்டது. இதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளை இருபது கட்டங்களாக வைத்து ஓர் ஆட்டம் எழுத நம் கணிப்பொறிக் கூடமே போதும். அதன் முகப்பில் எழுதிய மாணவர் பெயர்கள் தமிழில் இருக்கட்டும். அடுத்த கோடை விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் அதை ஆடட்டும், பெயர்களைப் படிக்கட்டும்.