மீ-யா? மைசெல்ஃபா?



இன்டர்வியூவில் முதல் கேள்வியே "இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்" என்பதுதான். நம்மில் பலர் உடனே "மைசெல்ஃப் முருகன்" என்று ஆரம்பித்து விடுகிறோம். கேள்வியில் யுவர்செல்ஃப் வந்ததால் பதிலில் மைசெல்ஃப் வரணும் என்ற நினைப்பு. இது தவறு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த நமக்கு லேத் ஓட்டத் தெரியும், டிராயிங் போடத் தெரியும். முதல் வரியிலேயே மதிப்புக் குறையலாமா?

குழப்பம் ஏன் வருகிறது? "நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்", "சார் என்னைப் பார்த்தார்" – தமிழில் இரண்டிலும் "என்னை"தான். ஆங்கிலத்தில் முதலாவது மைசெல்ஃப், இரண்டாவது மீ. செய்பவரும் அதை ஏற்பவரும் ஒருவரே என்றால் செல்ஃப். வேறு வேறு ஆள் என்றால் மீ, ஹிம், ஹெர், தெம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: "என்னை நானே", "உன்னை நீயே", "தன்னைத் தானே" என்று இரட்டித்துப் பாருங்கள். பொருந்தினால் செல்ஃப்!

1. மார்க் குறைஞ்சதும் என்னை நானே திட்டிக்கிட்டேன்: ஐ ஸ்கோல்டட் மைசெல்ஃப். அப்பா திட்டினால்? மை ஃபாதர் ஸ்கோல்டட் மீ.

2. "போர்மேன் தன்னைத் திட்டினார் என்று குமார் சொன்னான்." "தன்னை" இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். திட்டியவர் போர்மேன், திட்டு வாங்கியவன் குமார். "தன்னைத் தானே" இங்கே பொருந்தாது. எனவே, குமார் செட் தட் த போர்மேன் ஸ்கோல்டட் ஹிம்.

3. டூல் பாக்ஸை என்னோடு எடுத்து வந்தேன்: ஐ ப்ராட் த டூல் பாக்ஸ் வித் மீ. இங்கேயும் செல்ஃப் வேண்டாம்.

4. "நீங்கள்" என்று மரியாதையாக ஒருவரைச் சொன்னால் யுவர்செல்ஃப். பலரைச் சொன்னால் யுவர்செல்வ்ஸ்.

இன்னொரு உபயோகமும் உண்டு. "இந்த டிராயிங்கை நானே போட்டேன்" என்று அழுத்திச் சொல்ல, "ஐ ட்ரூ இட் மைசெல்ஃப்" எனலாம். அங்கேயும் "ஐ" முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். மைசெல்ஃப் மட்டும் தனியாக எழுவாயாக வராது. "மைசெல்ஃப் முருகன்" தவறு என்பது இதனால்தான்.

மறக்காமல் இருக்க நம்ம ஊரிலேயே வழி இருக்கிறது. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷியின் "நான் யார்?" என்ற நூல், ஆங்கிலத்தில் "ஹூ ஆம் ஐ?" என்றுதான் வந்தது. ஹூ ஆம் மைசெல்ஃப் என்று அல்ல! அந்தப் பெரிய கேள்விக்கு விடை தேட ஆயுள் முழுக்க இருக்கிறது. இன்டர்வியூ கேள்விக்கு மட்டும் "ஐ ஆம் முருகன்" என்று தலை நிமிர்ந்து சொல்வோம். வெற்றி நமதே!