அறுபது நாளும் ஐந்து வெள்ளியும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டில் நான்கு முறை விடுமுறை வருகிறது. மார்ச் மாதத்தில் ஒரு வாரம், ஜூன் மாதத்தில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம். மொத்தம் 12 வாரம். சனி, ஞாயிறு நீங்கலாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 60 நாள். வேலை பார்க்கும் பெற்றோருக்குச் சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்போ முதலாம் ஆண்டில் 7 நாள்தான். எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள். அம்மாவும் அப்பாவும் ஒருவர் மாற்றி ஒருவர் விடுப்பு எடுத்தாலும் அந்த 60 நாளில் பாதிகூட நிரம்பாது. மீதி நாள்களில் வீட்டிலிருக்கும் சிறு பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

தாத்தா பாட்டி உடனிருக்கும் வீடுகளில் அவ்வளவாகக் கவலையில்லை. சிலர் மாணவர் பராமரிப்பு நிலையத்தை நாடுகின்றனர். இவ்விரண்டும் இல்லாத வீடுகளில் அந்தப் பொறுப்பு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையின் தலையில் விழுகிறது. பல வீடுகளில் அது அக்காவின் தலையில்தான் விழுகிறது. அண்ணன்மார் எப்படியோ தப்பித்துக்கொள்கின்றனர். காலை எட்டு மணிக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவார். “தம்பியைப் பார்த்துக்கொள்” என்ற ஒரே ஒரு வரிதான் கட்டளை. ஒன்பது மணிக்குள், “அக்கா, போரடிக்குது!” என்ற குரல் தொடங்கிவிடும்.

பணம் இருந்தால் இதற்கு விடை எளிது என்று தோன்றும். ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போனால் நுழைவுச்சீட்டுக்கே நூறு வெள்ளிக்குமேல் ஆகிவிடும். உணவும் போக்குவரத்தும் தனிச் செலவு. அவ்வளவு செலவழித்தாலும் தீர்வது ஒரே ஒரு நாள்தான். மீதி 59 நாள் அப்படியே காத்திருக்கும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளில் திறன்பேசி கைமாறுகிறது. திறன்பேசி வெற்றி பெறுவதற்கு அது சுவையானது என்பது மட்டுமே காரணமன்று. அதைக் கொடுப்பவருக்கு நேரம் செலவாவதில்லை. கொடுத்தால் போதும், குழந்தை அமைதியாகிவிடும். ஐந்து கற்களையோ பல்லாங்குழியையோ அப்படிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. முதல் கால் மணி நேரம் ஒருவர் உடன் உட்கார்ந்து ஆட வேண்டும். மலிவான விளையாட்டுகளின் உண்மையான விலை அந்தக் கால் மணி நேரம்தான். அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு, ஒரு வாரத்துக்கு ஐந்து வெள்ளியே தாராளம்.

முதலில் ஐந்து கற்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்மையான கூழாங்கற்களை வைத்தே அஞ்சாங்கல் ஆடுவார்கள். சிங்கப்பூரில் கல்லுக்குப் பதிலாகச் சிறு துணிப் பைகள் வந்துவிட்டன. அவற்றுள் அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பியிருக்கும். மேலே தூக்கிப் போட்ட பை திரும்ப வருவதற்குள் தரையிலிருப்பதை எடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றுமாக. கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே தைப்பது நல்லது. தைக்கும் வேலையே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும் அல்லவா? பழைய பள்ளிச் சீருடையிலிருந்து உள்ளங்கையில் பாதி அளவுக்குத் துணியை வெட்டி, மூன்று பக்கம் அடைத்த சிறு பையாகத் தைக்க வேண்டும். பயற்றை நிரப்பிய பின், திறந்திருக்கும் வாயை எதிர்த்திசையில் மடித்து மூடித் தைத்தால் நான்கு மூலைகள் கொண்ட வடிவம் கிடைக்கும். நேராக மூடினால் அது வெறும் தலையணை. தரையில் சப்பென்று படுத்துவிடும், விரல்களுக்குச் சிக்காது. முழுவதும் நிரப்பவும் கூடாது. சற்றுத் தளர்வாக இருந்தால்தான் கையில் தங்கும். ஊசியை மூத்தவர் பிடிக்கட்டும். பயறு அளக்கும் வேலை தம்பிக்கு.

அடுத்தது பல்லாங்குழி. இதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், இது சிங்கப்பூரில் இரண்டு பெயர்களோடு வாழ்கிறது. தமிழர் இதைப் பல்லாங்குழி என்பர். மலாய்க்காரர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டத்தைச் சொங்காக் என்கின்றனர். இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழிகளாக வைத்து ஆடலாம். மரப்பலகை வாங்கத் தேவையில்லை. 30 முட்டைகளை வைக்கும் அட்டைத் தட்டு ஒன்று போதும். அதில் வரிசைக்கு ஆறு குழிகளாக ஐந்து வரிசைகள் இருக்கும். இரண்டு வரிசைகளைச் சேர்த்து வெட்டினால் பன்னிரண்டு குழிகள். மீதித் தட்டிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி ஓரத்தில் ஒட்டினால் பதினான்கு. முட்டை ஒழுகிய கறை படிந்த தட்டை மட்டும் எடுக்கக்கூடாது.

பல்லாங்குழியில் பரவலாக ஆடப்படும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு குழியிலும் ஐந்து காய்கள் இருக்கும். ஆக மொத்தம் 70. புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், சோழி என எதுவும் காயாகலாம். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். கையிலுள்ளவை தீர்ந்ததும் அடுத்த குழியிலிருப்பதை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ள காய்கள் அவருக்குச் சொந்தம். பிறகு ஆட்டம் எதிராளிக்குப் போகும். சொங்காக்கில் குழிக்கு ஏழு காய்களாக 98 காய்கள். இரு முனைகளிலும் பெரிய களஞ்சியக் குழிகள் இருக்கும்; வீட்டில் இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொள்ளலாம். தம் களஞ்சியத்தைக் கடக்கும்போது அதிலும் ஒரு காய் போட வேண்டும். கடைசிக் காய் சரியாகக் களஞ்சியத்தில் விழுந்தால் மறுபடியும் ஆடலாம். இந்த ஒரு விதியே குழந்தையை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. எந்தக் குழியிலிருந்து அள்ளினால் எங்கே போய் முடியும் என்று அவன் முன்கூட்டியே எண்ணத் தொடங்குகிறான். கணக்குப் பயிற்சி நூலைக் கண்டாலே ஓடும் பிள்ளைகூட இங்கே வாய்க்குள் கணக்குப் போடுவதைப் பார்க்கலாம்.

விதிமுறைகள் வீட்டுக்கு வீடு மாறும். பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டால் அவர் வேறொரு முறையைச் சொல்வார். இணையத்தில் தேடினால் மூன்றாவது முறை ஒன்று கிடைக்கும். பாட்டி சொன்னதற்கே முதலிடம் கொடுக்கலாம். அவருக்கும் அது பத்து நிமிட மகிழ்ச்சி. இன்னொன்று: தம்பியை வேண்டுமென்றே வெல்லவிடக்கூடாது. மூன்றாவது ஆட்டத்துக்குள் அவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். பிறகு ஆட்டத்தில் சுவையிராது. தொடக்கத்திலேயே பத்துக் காய்களை அவன் கணக்கில் சேர்த்துவிட்டு முழுத் திறமையோடு ஆடுவதுதான் நேர்மை.

உடம்பை அசைத்து ஆட விரும்பும் பிள்ளைகளுக்கு ரப்பர் வளையக் கயிறு இருக்கிறது. ஒரு பொட்டலம் ரப்பர் வளையங்களை ஒன்றோடொன்று கோத்தால் நீண்ட கயிறு ஆகிவிடும். இருவர் இரு முனைகளையும் பிடிக்க, மூன்றாமவர் தாண்டுவார். கணுக்கால் உயரத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள் என்று கயிறு ஏறிக்கொண்டே போகும். ஆள் குறைந்தால் ஒரு முனையை நாற்காலியில் கட்டலாம். புளோக்கின் கீழ்த்தளம் இதற்கு ஏற்ற இடம். வெயிலும் மழையும் படாது. அங்கே பந்து விளையாடக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை பல புளோக்குகளில் தொங்குகிறது. கயிறு தாண்டுவதைத் தடுக்கும் பலகை எங்கும் கண்ணில் படுவதில்லை. இருந்தாலும், பிற்பகலில் மேல்மாடியில் யாராவது உறங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக் குரலைத் தாழ்த்துவது நல்ல அண்டைவீட்டாருக்கு அழகு.

ஜூன் மாத வெயிலில் நண்பகலுக்கு மேல் வெளியே விளையாடுவது கடினம். ஆண்டிறுதியிலோ வடகிழக்குப் பருவமழை. அத்தகைய பொழுதுகளுக்கு நூலகம் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பினர் கட்டணம் கிடையாது. எடுத்த புத்தகத்தை 21 நாள் வைத்திருக்கலாம். “உட்கார்ந்து படி” என்று சொன்னால் எந்தக் குழந்தையும் படிக்காது. அவனையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். அவன் படக்கதைகளாகவே அள்ளிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. பத்துக்கு ஒன்று என்று தமிழ்ப் புத்தகத்தை அக்கா சேர்த்துக்கொள்ளலாம். இரவில் அதைக் குரல் மாற்றி வாசித்துக் காட்டினால், மறுநாள் அந்தப் புத்தகத்தைத் தேடுவது அவனாகத்தான் இருக்கும்.

அரும்பொருளகம் என்றால் செலவு என்று பலர் எண்ணுகின்றனர். 2013ஆம் ஆண்டு முதல் தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றிப் பார்த்து வருகின்றனர். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் கட்டணம் இருக்கலாம். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நாளில், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள்ளும் ஒரு மணி நேரம் நுழைந்து வரலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு மூன்று பொருள்கள் போதும். ஒவ்வொன்றையும் வரைந்து காட்டச் சொன்னால் நின்று பார்ப்பார்கள்.

பூமலைக்குப் போவதற்கும் கட்டணமில்லை. 1859இல் தொடங்கப்பட்ட அத்தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். சிறுவர்களுக்காகவே அமைந்த ஜேக்கப் பாலஸ் தோட்டமும் அங்கே உண்டு. அங்கே ஒரு வேடிக்கை: குழந்தை துணைக்கு வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள்!

பூங்காக்களில் நடக்கும்போது தரையையும் பார்க்க வேண்டும். சாகா மரத்தடியில் பளபளவென்று சிவப்பு விதைகள் சிதறிக் கிடக்கும். தமிழில் இதற்கு மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்று பெயர். முற்காலத்தில் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுக்க இவ்விதைகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு விதைக்கும் மற்றொரு விதைக்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லாததே காரணம். ஏறக்குறைய நான்கு விதைகள் ஒரு கிராம். வீட்டில் சமையல் தராசு இருந்தால் தம்பி அதைச் சோதித்துப் பார்க்கட்டும். எழுபது விதைகள் சேர்ந்துவிட்டால் பல்லாங்குழிக்குக் காய்களும் கிடைத்துவிட்டன. ஆனால், சிவப்பு விதையின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதைத் தொடக்கூடாது. அது குன்றிமணி, உள்ளே கடும் நஞ்சு உண்டு. முழுச் சிவப்பாக இருந்தாலும் வாயில் போடக்கூடாது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் சிறு குழந்தைகள் வீட்டிலிருந்தால் விதைகளை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த ஒருவர், “அப்படியானால் அக்காவுக்கு விடுமுறை எப்போது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவளுக்கும் வீட்டுப்பாடம் உண்டு, தோழிகள் உண்டு, சும்மா படுத்திருக்கும் ஆசையும் உண்டு. நாள் முழுவதும் தம்பிக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருக்க அவளால் முடியாது, அது தேவையுமில்லை. முதல் கால் மணி நேரம் கழிந்து ஆட்டம் சூடுபிடித்ததும் அவள் மெல்ல விலகிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்து சேர்ந்தால் இன்னும் எளிது. “போரடிக்குது” என்று அவன் சொன்னவுடன் ஓடி வர வேண்டிய கட்டாயமும் இல்லை. சற்று நேரம் சலிப்போடு இருக்கவிட்டால், அட்டைப்பெட்டி ஒன்று படகாகும்; நாற்காலிகள் பெருவிரைவு ரயிலாகும். ஆனால் மாலையில் வீடு திரும்பும் பெற்றோர் அடுத்த ஒரு மணி நேரத்தை அக்காவுக்கென ஒதுக்கித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. அண்ணன் இருக்கும் வீட்டில் நாள்களைப் பங்கிட்டுக்கொள்வதிலும் தவறில்லை.

பெற்றோருக்கு விடுப்புக் கிடைக்கும் ஓரிரு நாள்களைத் தொலைவான இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் நுழைவு இலவசம். உடும்புகளையும், சேற்றில் துள்ளித் திரியும் மீன்களையும் எப்போதும் காணலாம். கரையில் அசையாமல் கிடக்கும் முதலையைக் கண்ட குழந்தை அதை ஒரு மாதம் பேசிக்கொண்டிருப்பான். வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் வரும் என்பதால், அவற்றுக்காகப் போவோர் ஜூன் மாதத்தைத் தவிர்த்து ஆண்டிறுதி விடுமுறையில் போக வேண்டும்.

உபின் தீவுக்குப் போக சாங்கி முனைப் படகுத்துறையில் சிறு படகு ஏற வேண்டும். நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அந்தக் காத்திருப்பில் ஐந்து கற்கள் பையிலிருந்து வெளியே வரலாம். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவில் கடற்புல், நண்டு, நட்சத்திர மீன் ஆகியவற்றை நடைபாதையில் நின்றபடியே பார்க்கலாம். ஆனால் புறப்படும் நாளை முடிவு செய்வதற்கு முன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் அவையெல்லாம் தெரியும். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போய் நின்றால், கால்களுக்குக் கீழே தண்ணீர் மட்டுமே இருக்கும்.