பச்சிளம் குழந்தைகளின் குடல்வால் அழற்சி

குடல்வால் அழற்சி பெரும்பாலும் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும் நோயாகும். பிறந்து 28 நாட்கள் நிறைவுறாத பச்சிளம் குழந்தைகளிடம் அது மிக அரிது. அரிதாக இருப்பதாலேயே காலங்கடந்து கண்டறியப்படுகிறது. காலதாமதமே உயிருக்கு ஊறு விளைவிக்கிறது.

இந்நோய் அரிதாக இருப்பதற்கு உடலமைப்பு ஒரு காரணம். வளர்ந்தோரின் குடல்வால் குறுகிய வாயுடையது. இறுகிய மலத்துணுக்கு அதனை அடைத்துவிடக்கூடும். பச்சிளம் குழந்தையின் குடல்வாலோ புனல் போன்று அகன்ற வாயுடையது. உணவும் பாலே. ஆகவே அடைப்பு ஏற்படும் வாய்ப்புக் குறைவு.

அவ்வாறாயின் அழற்சி தோன்றுவது ஏன்? அதன் பின்னே வேறொரு கோளாறு இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். அவற்றுள் முக்கியமானவை:

1. ஹிர்ஷ்ப்ரங் நோய்: பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் அமையாமையால் மலம் தேங்கி, குடலில் அழுத்தம் மிகுகிறது.

2. குடல் திசு அழுகல் நோய்: குறைமாதக் குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் இந்நோய் சில வேளைகளில் குடல்வாலில் மட்டும் தோன்றலாம்.

3. குடலிறக்கம்: இறக்கப் பையினுள் குடல்வால் சிக்குவதால் குருதியோட்டம் தடைப்படுகிறது.

4. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: இப்பரம்பரை நோயில் குடலின் சுரப்புநீர் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கிறது.

எக்காரணமும் புலப்படாத நிகழ்வுகளும் உண்டு.

குழந்தையால் வலியை உணர்த்த இயலாது. வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுத்தல், சோர்வு ஆகியவையே அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். குடல்வாலின் சுவர் மெல்லியது. குடலைப் போர்த்தி நிற்கும் கொழுப்புச் சவ்வும் முழு வளர்ச்சி அடைந்திராது. எனவே துளை விழுந்தால் சீழ் வயிறு முழுவதும் விரைந்து பரவுகிறது. பல குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையின்போதுதான் நோய் இன்னதென்று தெரியவருகிறது.

இத்தகைய அரிய நோய்க்கெனத் தனித் திட்டம் வகுப்பது இயல்வதன்று, தேவையுமில்லை. மேற்கூறிய அறிகுறிகள் குடலடைப்பு, குருதியில் நச்சுத்தொற்று முதலிய வேறு பல நோய்களுக்கும் பொதுவானவை. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சையும் ஊர்தி வசதியும் அளிக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் சென்று குழந்தைகளைக் காண்கின்றனர்.

பணியாளர் நோயின் பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை. உப்பிய வயிறும் பச்சை வாந்தியும் உள்ள குழந்தையை அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அறிந்திருந்தால் போதும். குழந்தை அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இருப்பதால், அங்குவரை தடையின்றிக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகும்.