மேசை மேல் பாஞ்சாலங்குறிச்சி: சொந்தமாகப் போர் விளையாட்டு விதி எழுதுவோருக்கு

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மேசை மேல் கொண்டுவர எவ்வளவு இடம் வேண்டும்? 1801-இல் அதை முற்றுகையிட்ட கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் அளவு தந்திருக்கிறார். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், சுமார் 12 அடி உயர மண் சுவர், சுற்றிலும் முள்வேலி. 10 அடிக்கு 1 செ.மீ. என்று வைத்தால் கோட்டை 50 செ.மீ.க்கு 30 செ.மீ. படிப்பு மேசையில் அடங்கிவிடும். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி 100 கெஜத்தைத் தாண்டினால் குறி நிற்காது. மேசையில் அது 30 செ.மீ., பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம்.

இந்த எண்கள் கையில் கிடைத்ததும் விதி எழுத உட்காரத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆடுபவர் யாருடைய இடத்தில் உட்காருகிறார்?

கோட்டையைக் காத்து நின்ற ஊமைத்துரையின் இடம் என்று வைத்துக்கொள்வோம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். இடித்துத் தள்ளப்பட்ட கோட்டை சில நாட்களில் மறுபடி எழுகிறது. மார்ச் 31 அன்று கும்பினியின் தாக்குதல் முறியடிக்கப்படுகிறது. பிறகு கர்னல் அக்னியூ பெரும் படையோடும் பீரங்கிகளோடும் வர, மே 24-இல் கோட்டை விழுகிறது. நடுவில் ஏறக்குறைய எட்டு வாரம். அந்த எட்டு வாரம்தான் உங்கள் விளையாட்டு. ஆட்களைச் சுவர் கட்ட வைப்பதா, வெடிமருந்து தேடி வெளியே அனுப்புவதா, எதிரி முகாமை இரவில் தாக்குவதா? இதில் ஒவ்வொரு ஈட்டிக்காரனும் எத்தனை செ.மீ. நகர்ந்தான் என்ற கணக்கு தேவையே இல்லை. ஆடுபவர் சுவரில் விழுந்த உடைப்பை அடைத்து நிற்கும் சிறு தலைவனாக இருந்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு செ.மீ.யும் உயிர். கோட்டை ஒன்றுதான், ஆனால் எழுத வேண்டிய விதிப் புத்தகங்கள் இரண்டு.

ஆடுபவரை எந்த முடிவின் முன் நிறுத்துகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பதே விதி எழுதும் வேலை. இந்தத் திறமைக்கு மேசைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது, அதுவும் தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் நிறையவே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தகவலுக்கு வெல்ஷின் புத்தகத்தோடு (1830) கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தையும் (1881) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. ஒட்டப்பிடாரம் பக்கம் போய் நிலத்தையும் பாருங்கள். இன்று அங்கே நிற்கும் நினைவுக் கோட்டை 1974-இல் கட்டியது, அதை வைத்து அளவெடுக்க வேண்டாம். சுற்றியுள்ள கரிசலை மழைக்கு மறுநாள் மிதித்துப் பாருங்கள். பீரங்கி வண்டி ஒரு சுற்றில் எவ்வளவு நகரும் என்பதைப் புத்தகத்தைவிட உங்கள் செருப்பு நன்றாகச் சொல்லும்.

அடுத்தவர் விதியில் கை வைப்பது

வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தத் துறையில் பெயர் பெற்ற பலவும் அப்படி ஆரம்பிக்கவில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’, தரையில் பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடியதைத் திருத்தித் திருத்தி வந்த விதிகள். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதைத் தன் மேசைக்கு ஏற்ப வளைத்தவர் டேவ் ஆர்ன்சன். அந்த வளைப்பிலிருந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது.

நமக்கு ஆடுபுலி ஆட்டமே போதும். ஒரு தரப்பு சில புலிகள், மறு தரப்பு பல ஆடுகள். பலம் சமமில்லை, ஆனால் ஆட்டம் சமம். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்பது பரவலான கணக்கு, ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். அந்த மாறுதலே தலைமுறை தலைமுறையாக நடந்த விதித் திருத்தம். பயிற்சியாக இதைச் செய்யுங்கள்: ஓர் ஆட்டைக் கூட்டி இருபது ஆட்டம் ஆடுங்கள், ஒவ்வொன்றிலும் யார் வென்றார், எத்தனை நகர்வில் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு அந்த ஆட்டை எடுத்துவிட்டு, பலகையில் கோடு ஒன்றை மட்டும் அழித்து இருபது ஆட்டம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

அதிர்ஷ்டத்துக்கு எதைப் பயன்படுத்துவது என்பதையும் யோசித்தே முடிவு செய்யுங்கள். ஆறு முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் ஆறில் ஒரு பங்கு, எல்லாம் சமம். நான்கு சோழி அப்படியில்லை. ஒவ்வொரு சோழியும் மல்லாக்க விழவும் கவிழவும் சம வாய்ப்பு என்று வைத்தால் மொத்தம் பதினாறு விதமாக விழும். இரண்டு மட்டும் மல்லாக்க விழுவது அதில் ஆறு. நான்கும் மல்லாக்க விழுவது ஒன்றே ஒன்று. விளைவு நடுவிலேயே குவியும், ஓரங்கள் அபூர்வம். பயிற்சி பெற்ற படைக்குச் சோழி போடுங்கள். பெரும்பாலும் எதிர்பார்த்ததையே செய்யும். கலைந்து ஓடும் கூட்டத்துக்குப் பகடை. எதுவும் நடக்கலாம் என்ற பயம் ஆடுபவருக்கும் தொற்றும். ஒரு எச்சரிக்கை: சோழி நாணயமில்லை, அதன் வடிவம் ஒரு பக்கம் சாயும். உங்கள் சோழிகளை நூறு தடவை உருட்டி எண்ணிப் பார்த்த பிறகே கணக்கை நம்புங்கள்.

தமிழில் எழுதும்போது

தமிழ் விதிகளில் நான் காணும் பெரிய குழப்பம் வினைமுற்றில்தான் இருக்கிறது. ‘குதிரைப்படை 20 செ.மீ. நகரும்’ என்று எழுதுகிறோம். நகர்ந்தே ஆக வேண்டுமா? விருப்பமிருந்தால் நகரலாமா? 20 என்பது உச்ச அளவா, கட்டாய அளவா? ஒரு வாக்கியத்தில் மூன்று சண்டை. ‘20 செ.மீ. வரை நகரலாம்’ என்பது அனுமதி. ‘நகர வேண்டும்’ என்பது கட்டளை. ‘நகரக் கூடாது’ என்பது தடை. இந்த மூன்றைத் தவிர வேறு முடிவு விதி வாக்கியத்தில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ‘நகரும்’ என்பதை வருணனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலம். ‘சுடும்போது நகர முடியாது’ என்றால் சுட்ட பிறகு முடியுமா? ‘சுட்ட படைப்பிரிவு அந்தச் சுற்றில் நகரக் கூடாது’ என்று எழுதினால் கேள்விக்கு இடமில்லை. ஆட்டம், சுற்று, முறை என்ற மூன்று சொல்லையும் முதல் பக்கத்தில் விளக்கிவிட்டு, கடைசிப் பக்கம் வரை அதே பொருளில் வையுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது பள்ளிக் கட்டுரையில் குறையாக இருக்கலாம், விதிப் புத்தகத்தில் அதுதான் நேர்மை. எழுவாயை விழுங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பேச்சில் ‘அப்புறம் உருட்டணும்’ என்றால் யார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்வோம். தாளுக்கு முகமில்லை.

எழுதி முடித்ததும் உங்களை அறியாத இருவரிடம் தாளைக் கொடுத்து ஆடச் சொல்லி, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். இது மிகக் கடினம். அவர்கள் தவறாக ஆடும்போது நாக்கு துறுதுறுக்கும். திருத்தாதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் தாளைத் திருப்பிப் பார்த்தார்கள், எங்கே வாக்குவாதம் வந்தது, எங்கே அலைபேசியை எடுத்தார்கள் என்று மட்டும் குறியுங்கள். அலைபேசியை எடுத்த இடத்தில் அவர்களுக்கு எடுக்க முடிவு ஏதும் இல்லை என்று அர்த்தம்.

மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். படைகளுக்கு எண் போடும்போது ‘போர்க்குணம்’ என்று பிறப்பை வைத்து மதிப்பெண் தராதீர்கள். ‘வீர இனங்கள்’ என்ற வகைப்பாட்டை ஆங்கிலேய அரசு தன் படைக்கு ஆள் சேர்க்கப் பெரிதாக வளர்த்தது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் இது வெறும் பழங்கதை இல்லை, இன்றும் ரத்தம் சிந்த வைக்கிற விஷயம். ஆயுதம், பயிற்சி, நிலம், பசி, தலைமை இவற்றிலிருந்து எண் வரட்டும்.

சண்டையே இல்லாத போர்

இந்தக் கடற்கரையின் சிறந்த விளையாட்டுகள் கோட்டைக்கு வெளியே இருக்கின்றன. 1906 அக்டோபரில் வ.உ.சி. பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை எடுங்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடி–கொழும்பு வழியில் எதிராளி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்க, சுதேசி எட்டணாவுக்கு இறங்க, அந்தப் பக்கம் இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் என்று போனதாகச் சொல்லப்படும் வரலாறு நமக்குத் தெரியும். சுதேசியிடம் ‘காலியோ’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல். ஆடுபவர் கையில் பணம் கரைகிறது, மக்களின் ஆதரவு ஏறுகிறது, கைது நெருங்குகிறது. மூன்று அளவுகோல், ஒவ்வொரு சுற்றும் ஒரே கேள்வி: கட்டணம் எவ்வளவு? இருவரும் ரகசியமாகச் சீட்டில் எழுதி ஒன்றாகத் திறக்க வேண்டும் என்று விதி போடுங்கள், மேசை சூடாகிவிடும். ஆ.இரா. வேங்கடாசலபதியின் வ.உ.சி. ஆய்வு நூல்கள் இதற்கு முதல் படிப்பு.

முத்துக்குளிப்பு இன்னொன்று. கடைசியாக 1961-இல் நடந்தது. சிப்பியை இந்த ஆண்டு எடுப்பதா, இன்னும் முதிர விடுவதா? விட்டால் முத்து பெரிதாகும். ஆனால் சிப்பி வளரும் பாரே அழிந்தும் போகலாம். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, குளியாளுக்கு ஒரு குவியல் கொடுத்து, மீதியைத் திறக்காமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை சொல்ல வேண்டும். இதைவிட நல்ல ஏல விதியை யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வேலைக்கும் காசுக்கும்

விதிப் புத்தகம் விற்றுப் பிழைக்கலாம் என்று இருக்கிற வேலையை விடாதீர்கள். இந்தத் திறமை விலை போகும் இடம் வேறு. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். கோடு 2004 ஜூலை 1 முதல் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. துறைமுக வளாகங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சிறு பயிற்சியும், ஆண்டுக்கு ஒரு தடவையாவது பெரிய பயிற்சியும் நடத்த வேண்டும் என்பது அதன் வழிகாட்டல். பெரிய பயிற்சியை மேசை மேல் நடத்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மாநிலங்களோடு சேர்ந்து முதலில் டேபிள்டாப், பிறகு மாக் டிரில் என்றுதான் நடத்துகிறது. இந்தப் பயிற்சிகளுக்கு யாரோ ஒருவர் சூழ்நிலை எழுத வேண்டும், எந்த நிமிடத்தில் எந்தச் செய்தி யார் கைக்குப் போகும் என்று தீர்மானிக்க வேண்டும், நடுவராக உட்கார வேண்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேசையில் செய்வது அதைத்தான். சி.எஃப்.எஸ். (சரக்குப் பெட்டக) யார்டிலோ ஷிப்பிங் ஏஜென்சியிலோ வேலை பார்ப்பவர் என்றால், உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் அடுத்த பயிற்சிக்குச் சூழ்நிலை எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். வேலை நடைமுறைக் குறிப்பு எழுதுவதும் அதே கைதான்: வேண்டும், லாம், கூடாது.

வெளியாள் எழுதிய விதி உள்ளே எடுபடுமா என்று தயங்க வேண்டாம். பிரெட் ஜேன் ஒரு பத்திரிகையாளர், கடற்படை அதிகாரி இல்லை. 1898-இல் கடற்போர் விளையாட்டு விதிகளையும், போர்க்கப்பல்கள் பற்றிய கையேட்டையும் வெளியிட்டார். கடற்படைகள் அந்த விளையாட்டை எடுத்து ஆடின. கையேடு இன்றும் ஆண்டுதோறும் அவர் பெயரில் வருகிறது.

வேலை நேர்காணலில் பளபளப்பான அட்டையைக் காட்ட வேண்டாம். ஒரே விதியின் இரண்டு வடிவம், நடுவில் சோதனை நோட்டின் ஒரு பக்கம், இவ்வளவு போதும். எங்கே தவறினீர்கள், எதைக் கண்டு திருத்தினீர்கள் என்று அதில் தெரியும்.

சட்டம் சுருக்கமாக. விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது. 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு அதை வெளிப்படையாக விலக்குகிறது. பதிப்புரிமை எழுத்துக்கும் படத்துக்கும்தான், கருத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே பிறர் விதியின் இயக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வாக்கியத்தையும் ஓவியத்தையும் வணிகப் பெயரையும் எடுக்கக் கூடாது. வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். சொந்த விதியைச் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் எழுதுங்கள்.

கடைசியாக, முதல் மேசையை எப்போது போடுவது? என் யோசனை மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். விசைப்படகு கரையை ஒட்டி வலை போடக் கூடாது, காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நம் ஊர் நடைமுறையை விதியாக வைத்து ஒரு மீன்பிடி விளையாட்டு எழுதுங்கள். மணிக்கு ஒரு சுற்று, மொத்தம் பதினாறு. ஒரு பக்கம் வள்ளம், ஒரு பக்கம் விசைப்படகு. மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணாச்சி இருவரை, வள்ளக்காரர் ஒருவர், விசைப்படகுக்காரர் ஒருவர், ஆடக் கூப்பிடுங்கள். விசைப்படகுக்காரருக்கு வருமானம் இல்லாத நாட்கள் அவை, இருவரிடமும் நேரத்துக்குப் பணம் பேசிவிட்டே உட்கார வையுங்கள். வள்ளக்காரரை விசைப்படகுப் பக்கமும், விசைப்படகுக்காரரை வள்ளத்துப் பக்கமும் ஆட விடுங்கள். ஐந்தாம் சுற்றுக்குள் யாராவது ஒருவர் ‘கடல்ல இப்படி நடக்காது தம்பி’ என்பார். நோட்டையும் பேனாவையும் தயாராக வைத்திருங்கள்.