மீனின் பிணியும் நீரின் பிணியும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர்கள். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அங்கே இல்லை. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றிலும் மழைக்காலத்தில்தான் வெள்ளத்தைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையைக் கண்மாய்களில் தேக்கி, அந்நீரைக் கொண்டே கரிசல் நிலத்து உழவர்கள் பயிர் செய்து வருகின்றனர். குழாய் நீர் வரும் நாளில் அண்டாக்களிலும் தொட்டிகளிலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது ஊர்ப்புற இல்லங்களின் வழக்கம். ஆதலின் நீரின் அருமையை அப்பகுதி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய வறண்ட நாட்டிலும் கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்ப்போர் உளர். பொன்னிறத் தங்கமீனும், விசிறி போன்ற வாலையுடைய கப்பி மீனும், நீண்ட துடுப்புகளை அசைத்துச் செல்லும் ஏஞ்சல் மீனும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆயின், வாங்கி வந்த சில நாள்களிலேயே மீன் சோர்ந்துவிடுவதும், அதன் துடுப்பு நைந்து கிழிவதும் உண்டு. அப்பொழுது கடைக்கு விரைந்து சென்று, பெயர் அறியாத மருந்து ஒன்றை வாங்கி வந்து ஊற்றுவோர் பலர். தொட்டி நீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புது நீரை நிரப்புவோர் வேறு சிலர். இவ்வாறு செய்தும் மீன் பல வேளைகளில் மாண்டு போகின்றது. காரணம் யாது? மீனின் பிணியை நோக்கியவர்கள், அது வாழும் நீரின் பிணியை நோக்கவில்லை.

மீனுக்குத் துடுப்பு மிக இன்றியமையாத உறுப்பாகும். வால் துடுப்பு மீனை முன்னே செலுத்துகின்றது. முதுகுத் துடுப்பு உடல் புரளாமல் காக்கின்றது. பக்கத் துடுப்புகள் திரும்பவும் நிற்கவும் உதவுகின்றன. மெல்லிய முள்களுக்கிடையே தோல் விரிந்து அமைந்ததே துடுப்பு. அது சேதமுறுவதற்கு இரு வகைக் காரணங்கள் உள்ளன. ஒன்று காயம், மற்றொன்று அழுகல்.

தொட்டியிலுள்ள கூரிய கல்லில் உரசினாலும், மற்றொரு மீன் கடித்தாலும் துடுப்பு கிழியும். புலிவரியுடைய பார்ப் மீன், ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும் இயல்புடையது. இவ்வாறு உண்டான கிழிசலின் விளிம்பு தூய்மையாக இருக்கும். மீனும் சுறுசுறுப்புடன் இரை தின்னும். கடிக்கும் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரைத் தூய்மையாக வைத்திருந்தால், கிழிந்த துடுப்பு மருந்தின்றியே மீண்டும் வளர்ந்துவிடும். இழந்த துடுப்பை மறுபடி வளர்த்துக்கொள்ளும் ஆற்றலை இயற்கை மீனுக்கு அளித்திருக்கின்றது.

அழுகலின் தன்மை வேறு. துடுப்பின் ஓரம் முதலில் வெளிறும். பின்னர் நைந்து நூல் நூலாகப் பிரியும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். சில வேளைகளில் சிவந்த கோடுகளும் தோன்றும். மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். அழுகல் துடுப்பின் அடிப்பகுதியை எட்டிவிட்டால், இழந்த பகுதி மீண்டும் வளர்வது அரிது. ஆகவே, இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் வேண்டும்.

ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் துடுப்பழுகலை உண்டாக்குகின்றன. அவை எங்கிருந்தோ திடீரென்று வந்து சேர்பவை அல்ல. நலமாக உள்ள தொட்டியின் நீரிலும் அவை இருப்பது இயல்பே. அங்ஙனமாயின், எல்லா மீன்களும் எப்பொழுதும் நோயுறாதிருப்பது எப்படி? மீனின் உடல் முழுவதையும் வழுவழுப்பான கோழை ஒன்று போர்த்தியிருக்கின்றது. அக்கோழையும் மீனின் உடல் வலிமையும் கிருமிகளை அண்டவொட்டாமல் தடுக்கின்றன. நீர் கெடும்பொழுது அக்காப்பு தளர்கின்றது. உடனே, காத்திருந்த கிருமிகள் உட்புகுகின்றன.

நீர் கெடுவது கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதாகும். மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியா என்னும் கழிவுப் பொருளை இடைவிடாது நீரில் விடுகின்றது. தின்னாமல் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவை உண்டாக்கும். பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் மீனைக் கொல்லப் போதிய அம்மோனியா இருத்தல் கூடும். இயற்கை இதற்கும் ஒரு வழி செய்திருக்கின்றது. ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டினால் விளையும் தீங்கு மிகக் குறைவு. செடிகளுக்கு அது உரமாகவும் ஆகின்றது.

இந்த நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் கூழாங்கற்களின் மேலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருப்பவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பல மீன்களை ஒருங்கே விட்டால் அம்மோனியா மிகுந்து மீன்கள் நோயுறும். பழைய தொட்டியிலும், வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால், நீரிலுள்ள குளோரின் அப்பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும்.

நீரின் நலமே மீனின் நலம் என்பதை அறிஞர்கள் ஆய்ந்தே கண்டனர். 1850-ஆம் ஆண்டில் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியலறிஞர், தம் ஆராய்ச்சியைப் பற்றி இலண்டன் வேதியியல் கழகத்தில் உரைத்தார். அவர் ஒரு தொட்டியில் இரு தங்கமீன்களையும், நீண்ட இலைகளையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்திருந்தார். செடி உயிர்க்காற்றை அளித்தது. ஆயினும், உதிர்ந்த இலைகள் அழுகியதால் நீர் கலங்கிற்று. அவர் குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். நத்தைகள் அழுகிய பொருள்களைத் தின்றன, நீர் தெளிந்தது, மீன்களும் நலமாக வாழ்ந்தன. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. தமிழகத்தில், 1909-ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் அத்தகைய காட்சிச்சாலை அமைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

இனி, துடுப்பழுகல் கண்ட மீனுக்குச் செய்ய வேண்டியவற்றைக் காண்போர், முதலில் நீரைத் திருத்துதல் வேண்டும். தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அவ்வளவு புது நீரைச் சேர்க்கலாம். நோய் தணியும்வரை இரண்டு நாள்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தல் நலம். நீர் முழுவதையும் ஒரே வேளையில் மாற்றினால், நீரின் வெப்பமும் உப்பும் திடீரென மாறுபட்டு, நலிந்த மீன் மேலும் நலியும். குழாய் நீரை அப்படியே ஊற்றுதலும் தவறு. அதிலுள்ள குளோரின் மீனின் செவுளை அரிக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கிவிடும். நீரைப் பிடித்து வைக்கும் பழக்கமுடைய அருப்புக்கோட்டை இல்லங்களுக்கு இஃது எளிய செயலே.

அடியில் தேங்கிய கழிவை ஒரு குழாயினால் உறிஞ்சி அகற்றுதல் வேண்டும். இரையைக் குறைத்தல் வேண்டும். சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போதுமானது. கோடையில் மற்றொரு கருத்தும் தேவை. 20 டிகிரி வெப்பமுள்ள நீர், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்க்காற்றைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறையும். ஆதலின், சித்திரை வெயிலில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தொட்டியை நிழலுக்கு மாற்றிக் காற்றுக்குமிழிகளை மிகுதியாகச் செலுத்துதல் வேண்டும்.

நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்து உப்பு நீர்ச் சிகிச்சை செய்யலாம். 20 லிட்டர் நீருக்கு 20 முதல் 40 கிராம் கல்லுப்பு போதும். உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். நீர் ஆவியாகும்பொழுது உப்பு உடன் போவதில்லை. ஆகவே, குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்றுதல் முறை. நீர்ச்செடிகளும் சிலவகைக் கெளுத்தி மீன்களும் உப்பைப் பொறாதவை. இவற்றிற்கும் அடங்காமல் நோய் பரவினால், மீன் நோய் அறிந்தவரின் அறிவுரைப்படியே மருந்து இடுதல் வேண்டும். கிருமிக்கொல்லி மருந்துகளை மனம்போன அளவில் ஊற்றினால், நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் மடியும். தீய கிருமிகளோ மருந்துக்கு அஞ்சாத வன்மை பெறும்.

மருந்து இடுவதிலும் நோயின் இயல்பை அறிதல் இன்றியமையாதது என்பதற்கு வெண்புள்ளி நோயே சான்றாகும். இந்நோய் கண்ட மீனின் உடலில் உப்புத்தூளைத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியினுள்ளும் ஓர் ஒட்டுண்ணி இருக்கின்றது. தோலுக்கு அடியிலிருக்கும் அதனை மருந்து எட்டாது. முதிர்ந்தபின் அது மீனை விட்டு அகன்று, தொட்டியின் அடியில் தங்கிப் பிளவுபட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிப்படும். அவை வேறு மீனைத் தேடி நீந்தும் அந்தச் சிறு காலத்தில்தான் மருந்து அவற்றைக் கொல்லும். புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்தது என எண்ணி மருந்தை நிறுத்துவோர், சில நாள்களில் முன்னினும் மிகுந்த புள்ளிகளைக் காண்பர்.

நோய் வருமுன் காப்பதற்கு, ஊரின் நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரைக் கப்பியும் மோலியும் எளிதில் தாங்கும். மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா போன்றவை அந்நீரில் வாடும். புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்ற மீன்களோடு சேர்த்தல் நலம். மாற்றி எடுக்கும் நீரையும் வீணாக்க வேண்டுவதில்லை. மருந்தும் உப்பும் கலவாத தொட்டி நீரில் நைட்ரேட் உள்ளமையால், அதனை மல்லிகைக் கொடிக்கோ கறிவேப்பிலைச் செடிக்கோ ஊற்றினால் அவை செழித்து வளரும்.

இவ்வளவு கூறியும், கூற வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. பிழைக்காது எனத் தோன்றும் மீனையும், வளர்க்க அலுத்த மீனையும் அருகிலுள்ள கண்மாயில் கொண்டுபோய் விடுவோர் உளர். அதனை இரக்கமென்றே அவர்கள் கருதுகின்றனர். ஆயின், கண்மாய் தனித்து நிற்பதன்று. மேலைக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்நீர் அடுத்த கண்மாயைச் சென்று சேரும். ஒரு கண்மாயில் புகுந்த நோய், மழை வெள்ளத்தோடு பல ஊர்க் கண்மாய்களுக்கும் செல்லக்கூடும். அக்கண்மாய்களில் வாழும் விராலும் கெண்டையும் கெளுத்தியும் ஊராருக்கு உணவாகவும் ஏழைகளுக்குப் பிழைப்பாகவும் இருப்பவை.

இஃது ஊகம் அன்று. மீன்களின் உடலில் ஆழ்ந்த புண்களை உண்டாக்கும் கொள்ளைநோய் ஒன்று 1971-ஆம் ஆண்டில் ஜப்பானில் காணப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும், 1980-க்குப் பின் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் தோன்றிய அந்நோய், 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதிக்கு வந்து, பின்னர்த் தெற்கேயும் பரவியது. விரால் மீனை அது மிகுதியாகத் தாக்கிற்று. அபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரே அதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மழைக்குப் பின்வரும் குளிர்ந்த நாள்களிலேயே அது பெரிதும் தோன்றுகின்றது. புவனேசுவரத்திலுள்ள நடுவண் நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அந்நோய்க்காகச் சிபாக்ஸ் என்னும் மருந்தை உருவாக்கியது. குளங்களில் சுண்ணாம்பு இட்டு நீரின் அமிலத்தன்மையைத் தணிப்பதும் நோயைக் கட்டுப்படுத்தும் முறையாகக் கையாளப்படுகின்றது. கண்ணாடித் தொட்டியைப் போலவே, குளத்திலும் நீரைத் திருத்துவது மருத்துவத்தின் ஒரு பகுதியாயிற்று.

நோயற்ற அயல்நாட்டு மீனாலும் தீங்கு விளையும். தொட்டியின் பாசியைத் தின்பதற்கென வாங்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன், விடப்பட்ட நீர்நிலைகளில் பெருகி, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்கின்றது. தன் முட்கவசத்தால் வலைகளையும் கிழிக்கின்றது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ மீன் வளர்க்கும் மற்றொருவரிடமோ ஒப்படைக்கலாம். இறந்த மீனை மண்ணில் புதைத்தல் வேண்டும். மருந்திட்ட நீரை ஓடைக்கோ கண்மாய்க்கோ செல்லவிடலாகாது.

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது, திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்குக் கூறும் அறிவுரை. மீன் வளர்ப்போருக்கும் அது பொருந்தும். துடுப்பு நைந்த மீனைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடாமல், நீரை மாற்றி எத்தனை நாளாயிற்று, இரை மிஞ்சிக் கிடக்கின்றதா, புதிய மீன் எப்பொழுது வந்தது எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்வோர் பெரும்பாலும் நோயின் காரணத்தைக் கண்டுகொள்வர். இருபது லிட்டர் நீரை நலமாகக் காக்கக் கற்ற மாணவர்கள், தம் ஊர்க் கண்மாயின் நீரையும் காக்க அறிந்தவராவர்.