படபடக்கும் இண்டிகேட்டரும் பழைய பல்பும்

நேத்து ராத்திரி நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். எல்.இ.டி. பல்பு மாத்தினதிலிருந்து ஸ்கூட்டர் இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குதுன்னு எழுதியிருக்கே. பல்பு டூப்ளிகேட், இன்னும் நல்லதா வாங்குங்கன்னு கடையில சொன்னாங்களாம். வாங்காதே. எவ்வளவு உசத்தியான பல்பைப் போட்டாலும் உன் வண்டியில அது அப்படித்தான் அடிக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லு. கழட்டின பழைய பல்பைக் குப்பையில போட்டுடலையே? அதை எடுத்து மறுபடி மாட்டு. நிதானமா அடிச்சா ஒயரும் ஸ்விட்சும் நல்லாத்தான் இருக்கு, எல்.இ.டி.க்கும் வண்டிக்கும்தான் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். பழைய பல்புலயும் அதே கோளாறுன்னா எல்.இ.டி. மேல பழி போடாதே. ஹோல்டர்ல துரு ஏறியிருக்கும், இல்லைன்னா எர்த் ஒயர் லூசா இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முடுக்கிப் பாரு. பல்பு மாத்துறப்போ ஒயரை இழுத்திருப்போம், அதுலயே பாதி பிரச்சினை வரும். மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு நிமிஷ வேலையைச் செய்யாம போனா, இல்லாத கோளாறுக்கெல்லாம் காசு கொடுத்துட்டு வருவே.

படபடப்புக்குக் காரணம் இதுதான். உன் ஸ்கூட்டர்ல ஒரு பக்கத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு 10 வாட் பல்பு ரெண்டு, ஆக 20 வாட். அதே இடத்துல ரெண்டு எல்.இ.டி.யும் சேர்ந்து ரெண்டு மூணு வாட்டுக்கு மேல எடுக்காது. நடுவுல ஃபிளாஷர்னு ஒரு சின்ன டப்பா இருக்கு, டிக் டிக்குன்னு சத்தம் வருதே, அதேதான். பல்புக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுதுங்கிறதை வச்சுத்தான் அது அடிக்குது. கரண்ட் குறைஞ்சா, பல்பு ஒண்ணு ஃபியூஸ் போயிடுச்சுன்னு நினைச்சு, ஓட்டுறவங்களுக்குத் தெரியட்டும்னு வேகமா அடிக்கும். அது தன் வேலையை ஒழுங்காத்தான் பார்க்குது, பாவம். ரொம்பப் பழைய வண்டியில உள்ளே ஒரு தகடு சூடாகி வளைஞ்சு, ஆறி நிமிர்ந்து அடிக்கிற ரகம் இருக்கும். அதுல எல்.இ.டி. போட்டா தகட்டுக்குச் சூடே ஏறாது. விளக்கு அடிக்காம ஒரேயடியா எரிஞ்சுக்கிட்டு நிக்கும்.

அதனால மாத்த வேண்டியது பல்பை இல்லை, ஃபிளாஷரை. உதிரிபாகக் கடையில "எல்.இ.டி. ஃபிளாஷர்"னு கேட்டாலே கொடுப்பாங்க. பழைய ஃபிளாஷரைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போ. ரெண்டு பின்னா, மூணு பின்னான்னு வாயால சொல்லி வாங்கினா பாதி நேரம் தப்பாத்தான் வரும். மூணு பின்னுன்னா அதுல ஒண்ணு எர்த். எந்தக் கால் எங்கேன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்து மாட்டு. மாட்டினதும் எண்ணிப் பாரு, நிமிஷத்துக்கு 60லிருந்து 120 தடவைக்குள்ள அடிச்சா சரி.

கார்ல கதை கொஞ்சம் வேற. இப்போ வர்ற கார் பலதுல தனி ஃபிளாஷரே கிடையாது, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரே அடிக்குது. அங்கே ரெசிஸ்டர் போடுன்னு சொல்லுவாங்க. 21 வாட் பல்புக்குப் பதிலா போட்ட எல்.இ.டி.யோட 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை இணையா மாட்டினா, பழைய பல்பு இருக்கிற மாதிரியே வண்டி நம்பிடும். வேலை செய்யும்தான். ஆனா அது எடுக்கிற 25, 30 வாட் முழுக்கச் சூடாத்தான் வெளியே வரும். நானே பட்டிருக்கேன். அப்பா கார்ல அதை டபுள் டேப் போட்டு பின் விளக்குப் பெட்டியோட பிளாஸ்டிக் மேல ஒட்டி வச்சேன். மறுநாள் ஹசார்ட் விளக்கைப் போட்டுட்டு ஓரமா நிறுத்திப் பேசிக்கிட்டிருந்தோம், டிக்கியிலிருந்து கருகல் வாடை. திறந்து பார்த்தா பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி கொப்பளிச்சு நிக்குது. ரெசிஸ்டரைத் தகட்டுல ஸ்க்ரூ போட்டுத்தான் பிடிக்கணும், பக்கத்துல ஒயர் உரசக் கூடாது. கரண்ட் மிச்சம்னு எல்.இ.டி. வாங்கி, அந்த மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை. கார்ல இண்டிகேட்டருக்குப் பழைய பல்பே இருந்துட்டுப் போகட்டும்.

மாமா பைக்ல வந்தது வேடிக்கையான கோளாறு. இடது பக்கம் போட்டா நாலு விளக்கும் சேர்ந்து அடிச்சது. மீட்டர்ல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரே ஒரு இண்டிகேட்டர் லைட் இருக்கிற வண்டிகள்ல இது வரும். அந்தக் குட்டி லைட்டோட ஒரு முனை இடது ஒயர்ல, மறு முனை வலது ஒயர்ல இருக்கும். இடது பக்கம் அடிக்கும்போது கரண்ட் அது வழியா வலது பல்புக்குப் போய் எர்த் ஆகும். பழைய பல்பு அந்தச் சொட்டுக் கரண்டுக்கு எரியாது, எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. மருந்து, 1என் 4007 டயோடு ரெண்டு. சில்லறைக் காசுதான். இடது ஒயர்லிருந்து ஒண்ணு, வலது ஒயர்லிருந்து ஒண்ணு, வெள்ளிக் கோடு போட்ட பக்கம் ரெண்டையும் சேர்த்து மீட்டர் லைட்டோட ஒரு முனைக்குக் கொடுத்து, மறு முனையை எர்த் பண்ணிடணும். உனக்கு சால்டரிங் வராது, எலெக்ட்ரீஷியன்கிட்ட இதை அப்படியே சொல்லு, புரிஞ்சுக்குவார்.

சில்லறை விஷயங்கள் சில. பார்க்கிங் லைட்டுக்குப் போடுற கண்ணாடிக் குச்சி மாதிரியான பல்பு எரியலைன்னா உடனே திருப்பிக் கொடுக்கப் போகாதே, கழட்டித் தலைகீழா மாட்டிப் பாரு. எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் உண்டு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி வெள்ளை எல்.இ.டி. போடாதே, அதோட வெளிச்சத்துல சிவப்பு கம்மி. பிரேக் லைட் வெளிறிப்போய்த் தெரியும். சிவப்புக்குச் சிவப்பு, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு. கார்ல விளக்கை அணைச்ச பிறகும் மினுக்மினுக்னு மங்கலா எரிஞ்சா பேய் இல்லை. பல்பு உயிரோட இருக்கான்னு கம்ப்யூட்டர் அனுப்பிப் பார்க்கிற சொட்டுக் கரண்ட் அது. எல்.இ.டி. போட்ட பிறகு எஃப்.எம்.ல கரகரன்னு சத்தம் வந்தா, பல்புக்குள்ள இருக்கிற மலிவான சர்க்யூட்தான் காரணம்.

இப்போ ஹெட்லைட். இதுலதான் நீ அக்கா சொல்றதைக் கேக்கணும். ஆக்சிலரேட்டரை முறுக்கினா பிரகாசமாகி, விட்டா மங்குற வண்டியில, ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வரலை, இன்ஜின் காயில்லிருந்து நேரா வருது. அது ஏ.சி. கரண்ட். பேட்டரிக்குன்னு செஞ்ச எல்.இ.டி.யை அதுல போட்டா துடிச்சுத் துடிச்சு எரிஞ்சு சீக்கிரம் போயிடும். ஏ.சி., டி.சி. ரெண்டுக்கும் பொருந்தும்னு போட்ட பல்பைத்தான் வாங்கணும்.

அதைவிடப் பெரிய விஷயம், ஹெட்லைட் டூமுக்குள்ள இருக்கிற கிண்ணம். ஹாலஜன் பல்போட இழை எந்த இடத்துல இருக்குமோ அந்தப் புள்ளியை வச்சுத்தான் கிண்ணத்தோட வளைவையே செஞ்சிருக்காங்க. எல்.இ.டி. சிப்பு துளி தள்ளியிருந்தாலும் வெளிச்சம் ரோட்டுல விழாம, எதிரே வர்றவங்க கண்ணுல அடிக்கும். உனக்கு நல்லா வெளிச்சமா இருக்கிற மாதிரித்தான் தோணும், அதுதான் ஆபத்து. மாட்டுறதுக்கு முன்னாடி பழைய பல்போட சுவர்லிருந்து அஞ்சு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்து. டிம்ல போட்டு, வெளிச்சம் மேல எங்கே முடியுதோ அங்கே சாக்பீஸ்ல கோடு போடு. அப்புறம் எல்.இ.டி.யை மாட்டி அதே இடத்துலிருந்து பாரு. வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே ஏறினா, சிப்புகள் இடமும் வலமும் பார்த்து நிக்கிற மாதிரி பல்போட வளையத்தைத் திருப்பிப் பாரு. அப்பவும் கோடு வரலைன்னா கழட்டி வச்சுடு. பின்னாடி இருக்கிற விசிறி இடிக்குதுன்னு ரப்பர் மூடியை வெட்டி எறியவும் சொல்லுவாங்க, ஒத்துக்காதே. ஐப்பசி மழையில டூமுக்குள்ள தண்ணி நிக்கும்.

கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆம் பிரிவு தடுக்குது. போலீஸ் நிறுத்தினா அக்கா சொன்னான்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆக, உன் ஸ்கூட்டர்ல இண்டிகேட்டருக்கும் பின் விளக்குக்கும் எல்.இ.டி. இருக்கட்டும், ஃபிளாஷரை மட்டும் மாத்து. ஹெட்லைட்டுக்கு 35 வாட் ஹாலஜனே போதும். ஞாயித்துக்கிழமை வரும்போது, நீ வாங்கி வச்சிருக்கிற எல்.இ.டி. ஹெட்லைட் பல்பை டப்பாவோட, பில்லோட எடுத்துட்டு வா. கடை திறந்திருக்கும், திருப்பிக் கொடுத்துட்டு வந்துடலாம்.